திறவாத சிப்பிக்கு விலை: சிலாபக் கரையும் ஊகம் என்ற சொல்லும்

சிலாபம் என்ற ஊர்ப்பெயருக்கு விளக்கங்கள் பல. தமிழில் அதிகம் சொல்லப்படுவது, முத்துக்குளிப்பைக் குறிக்கும் 'சலாபம்' என்ற பழஞ்சொல்லோடு அதைச் சேர்த்துப் பார்ப்பது. வடக்கே மன்னார்க் கரையிலுள்ள சிலாவத்துறையைச் சிலாபத்துறை என்று எழுதுவோரும் உண்டு. ஒரே தொழில் இரண்டு ஊர்களுக்குப் பெயர் கொடுத்தது என்றே கொள்ள இடமிருக்கிறது. 1344இல் இபுனு பதூதா புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தபோது, மன்னரின் ஆட்கள் அருகிலிருந்து முத்துகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்ததைக் குறித்து வைத்திருக்கிறார். அப்போதே அது அரசின் தொழில்.

அந்தத் தொழிலில் முத்து இரண்டு முறை விலைபோனது. கழுவி, சலித்து, நிறுத்த முத்துக்கு ஒரு விலை. அதற்கு முன்பே, வாய் திறவாத சிப்பிக்கு ஒரு விலை. ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று ஏலத்தில் எடுத்தவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியாது. விற்றவருக்கும் தெரியாது. ஐரோப்பியப் பயணிகள் பலர் இதை லொத்தர் என்றார்கள், சிலர் ஊக வணிகம் என்றார்கள், இன்னும் சிலர் நேராகவே சூதாட்டம் என்றார்கள். மூன்றும் ஒன்றா, அவற்றுக்கிடையே கோடு உண்டா, உண்டென்றால் அதைக் கிழித்தவர் யார் என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. அதற்கு முதலில் சொல்லின் கதையைப் பார்க்க வேண்டும்.

கோபுரமும் குட்டி நம்பிக்கையும்

ஆங்கிலத்தில் இன்று 'ஸ்பெகுலேஷன்' எனப்படும் சொல் லத்தீனிலிருந்து வந்தது. 'ஸ்பெகுலா' என்றால் காவற்கோபுரம். அதன் மேல் நின்று தொலைவை நோட்டமிடுவது 'ஸ்பெகுலாரி'. ரோமப் படையில் முன்னே சென்று வேவு பார்த்து வருபவன் 'ஸ்பெகுலாத்தோர்'. ஆக, சொல்லின் அடியில் இருப்பது கண். ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போயெத்தியஸ் கிரேக்க மெய்யியலை லத்தீனுக்குக் கொண்டுவந்தபோது, செயல்சாரா அறிவுக்கு, அதாவது 'தியோரியா' என்று கிரேக்கர் அழைத்ததற்கு, இந்தச் சொற்குடும்பத்தையே எடுத்துக்கொண்டார். கோபுரத்துக் காவலன் பார்த்த கடலும் வயலும் போய், கண்ணுக்குத் தெரியாதவை பார்வைப் பொருளாயின. நடுக்காலச் சமய அறிஞர்கள் கண்ணாடி என்று பொருள்படும் 'ஸ்பெகுலும்' என்ற சொல்லையும் இதனோடு இணைத்து, படைப்பு என்ற கண்ணாடியில் கடவுளைக் காண்பது பற்றிப் பேசினார்கள்.

வணிகப் பொருள் வெகு பிந்தியது. 1770களில்தான் அது ஆங்கிலத்தில் தெளிவாகத் தலைகாட்டுகிறது. 1776இல் வெளிவந்த 'நாடுகளின் செல்வம்' நூலில் ஆடம் ஸ்மித் ஊக வணிகனை ஓர் ஆளாகவே வரைகிறார். இந்த ஆண்டு தானியம் விற்பான், அடுத்த ஆண்டு வைன், பிறகு சர்க்கரை, புகையிலை, தேயிலை. எந்தத் தொழிலிலும் ஊன்றமாட்டான். இலாபம் கூடும் என்று தோன்றும் இடத்தில் நுழைந்து, குறையும் என்று தோன்றியதும் வெளியேறுவான். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் இச்சொல் வரவேற்பறை வரை வந்துவிட்டது. ஜேன் ஆஸ்டினின் 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' நாவலில் (1814) குடும்பமாகச் சேர்ந்து ஆடும் சீட்டாட்டத்தின் பெயரே 'ஸ்பெகுலேஷன்'. கையிலுள்ள துருப்புச்சீட்டை மற்றவருக்கு விலை பேசி விற்பதும் வாங்குவதும்தான் ஆட்டம்.

இந்த வரலாற்றைப் பொதுவாக ஒரு வீழ்ச்சிக் கதையாகவே சொல்வார்கள். ஞானத்தைக் குறித்த சொல் சந்தைக்கு வந்து கெட்டது என்பது அதன் சாரம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் லத்தீனிலேயே 'ஸ்பேகுலா' என்று முதலெழுத்து நெடிலாக ஒலிக்கும் வேறொரு சொல் இருந்தது. நம்பிக்கையைக் குறிக்கும் 'ஸ்பேஸ்' என்பதன் சிறுமைப்பொருள் வடிவம் அது. சின்ன நம்பிக்கை, நப்பாசை என்று சொல்லலாம். கோபுரத்துக்கும் இதற்கும் மூல உறவு கிடையாது, எழுத்தில் மட்டுமே இரண்டும் ஒன்று. தற்செயலான இந்த ஒற்றுமைக்கு மொழியியலில் மதிப்பில்லை என்றாலும், முத்துச் சிப்பியின் ஏலத்தை விளங்கிக்கொள்ள இரண்டும் தேவைப்படுகின்றன. உற்றுப் பார்க்கும் கண் இல்லாமல் அங்கே யாரும் விலை சொல்லவில்லை. நப்பாசை இல்லாமல் யாரும் வாங்கவுமில்லை.

ரோமச் சட்டமும் இந்த இடத்தைத் தொட்டிருக்கிறது. மீனவன் இனிமேல் வலைவீசிப் பிடிக்கப்போவதை முன்கூட்டியே விலைபேசி வாங்கினால், வலையில் ஒன்றும் விழாவிட்டாலும் விற்பனை செல்லும் என்று சட்ட அறிஞர் பொம்போனியஸ் கூறுகிறார். வாங்கப்பட்டது மீன் அல்லவாம், நம்பிக்கையாம். 'எம்ப்தியோ ஸ்பெய்' என்ற இந்தக் கோட்பாடு ரோமன் டச்சுச் சட்டத்தின் வழியே இலங்கைக்கும் வந்தது. கரையோரத்தில் ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சட்டத்தின்படி பார்த்தால், திறவாத சிப்பியை வாங்கியவன் செய்தது குற்றமுமல்ல, சூதுமல்ல. செல்லுபடியாகும் கிரயம்.

காட்சி, கருதல், உரை

தமிழில் 'ஊகம்' வடமொழி 'ஊஹ' என்பதிலிருந்து வந்தது. பேச்சில் யூகம் என்போம், ஏதோ குத்துமதிப்பு என்ற தொனியில். பழைய தர்க்க நூலான நியாய சூத்திரம் அப்படி இளப்பமாக நினைக்கவில்லை. உண்மை இன்னதென்று இன்னும் தெரியாத பொருளில், காரணங்களைப் புரட்டிப்பார்த்து உண்மையை அறிய முனையும் சிந்தனையே ஊஹம், அதுவே தர்க்கம் என்று அது வரையறுக்கிறது. ஆனால் ஊஹத்துக்கு அளவை, அதாவது சரியான அறிவைத் தரும் வழி, என்ற தகுதியை நியாய மரபு கொடுக்கவில்லை. அளவைக்கு அது துணைதான். சைவ சித்தாந்தத்தின் சிவஞான சித்தியார் அளவைகளைப் பத்து வரை எண்ணிவிட்டு, எல்லாவற்றையும் காட்சி, கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்குகிறது. கண்ணால் காண்பது, கண்டதிலிருந்து காணாததை முடிவுசெய்வது, நம்பத்தக்கவர் சொல்லக் கேட்பது.

கருதல் அளவைக்கு எல்லாப் பாடநூலும் தரும் எடுத்துக்காட்டு புகையும் நெருப்பும். புகை இருக்கும் இடத்தில் நெருப்பு இருந்தே தீரும் என்ற பிரியா உறவு அங்கே உண்டு. சிப்பிக்கும் முத்துக்கும் அந்த உறவு இல்லை. சிப்பி இருக்கும், முத்து இருக்காது. அதனால் சிப்பியிலிருந்து முத்தைக் கருதல் அளவையால் நிறுவ இயலாது, ஊகிக்கத்தான் இயலும். ஊகமோ சும்மா இருந்துவிடவில்லை. தன் துணைக்கு மூன்று அளவைகளையும் கடலிலும் கரையிலும் தேடிக்கொண்டது.

பார் பார்த்தல்

முத்துச் சிப்பி விளையும் கடலடித் திட்டைப் 'பார்' என்பார்கள். சிலாபத்துக்கு நேரே கடலிலும் பார்கள் உண்டு. பெரும் பார்கள் இன்னும் வடக்கே, அரிப்பு, கொண்டச்சி, மறிச்சுக்கட்டிக் கரைகளுக்கு எதிரே இருந்தன. பிரித்தானியர் காலத்தில், குளிப்பு நடத்துவதா என்று முடிவுசெய்வதற்கு முன் அரசின் பார் மேற்பார்வையாளர் கடலுக்குப் போய்ச் சில ஆயிரம் சிப்பிகளை மாதிரியாக எடுப்பார். அவற்றை அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்தை மதிப்பிடுவார்கள். ஆயிரம் சிப்பிக்கு எத்தனை ரூபாய் முத்து என்ற கணக்கு அரசிதழில் வெளியாகும். கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் பம்பாயிலிருந்தும் வணிகர்கள் புறப்படுவது அந்த அறிவிப்பைப் பார்த்துத்தான். மாதிரி காட்சி, அறிவிப்பு உரை, அதன்மேல் ஒவ்வொரு வணிகரும் போட்ட மனக்கணக்கு கருதல்.

மாதிரி எவ்வளவு நம்பகம்? இங்கேதான் கடல் குறுக்கிடுகிறது. சிப்பி முற்ற நான்கைந்து ஆண்டுகளாவது வேண்டும். மன்னார்க் கடலின் பெரிய பாரில் கோடிக்கணக்கில் குஞ்சுச் சிப்பிகள் ஒட்டிக் கிடப்பதைக் கண்டு வந்த மேற்பார்வையாளர், அடுத்த முறை போகும்போது வெறும் மணலைக் கண்டதுண்டு. நீரோட்டம் அள்ளிப்போயிருக்கும், மணல் மூடியிருக்கும், அல்லது திருக்கை தின்றிருக்கும். 1837 வரை நடந்த குளிப்பு அதன்பின் பதினேழு பதினெட்டு ஆண்டுகள் நின்றுபோனது. 1891இல் குளித்த பிறகு 1903 வரை மீண்டும் ஒன்றுமில்லை.

குளிப்பு நடந்த ஆண்டுகளில் கரையில் ஓர் ஊரே முளைத்தது. தோணிகள் நடு இரவுக்குப் பின் கிளம்பி விடியலில் பாருக்குப் போய்ச்சேரும். குளியாள் ஒரு காலைக் குளிகல்லில் வைத்து இறங்குவார், மேலே கயிறு பிடிப்பவர் அசைவு கண்டதும் இழுப்பார். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதற்கென்று 'கடல்கட்டி' ஒருவர் இருந்தார். காலனிய அதிகாரியாக இருந்த எமர்சன் டெனன்ட், இலங்கை பற்றிய தமது 1859ஆம் ஆண்டு நூலில், பரம்பரையாக வரும் இந்தப் பொறுப்பை அப்போது வகித்தவர் ஒரு கத்தோலிக்கர் என்றும், அதனால் மந்திரத்தின் வலிமைக்கு ஒரு குறையும் நேர்ந்ததாக யாரும் நினைக்கவில்லை என்றும் எழுதுகிறார். கயிறும் கல்லும் போலவே கடல்கட்டியும் தொழிலின் செலவுக் கணக்கில் இருந்தார்.

பிற்பகலில் தோணிகள் திரும்பும். வேலியடைத்த 'கொட்டு' என்ற முற்றத்தில் சிப்பிகளைக் கொட்டிப் பங்கிடுவார்கள். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளியாட்களுக்கு. அந்தி சாயும்போது அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். அதே நேரத்தில் கொட்டின் வாசலில் இன்னொரு சந்தை. தன் பங்கோடு வெளியே வரும் குளியாளைச் சிறு வியாபாரிகள் மொய்த்துக்கொள்வார்கள். பத்துச் சிப்பி, ஐந்து சிப்பி என்று சில்லறையாகக் கைமாறும். வாங்கியவர் அங்கேயே கத்தியால் நெம்பிப் பார்த்துவிடுவதும் உண்டு.

பெருவணிகருக்கு அந்த அவசரம் கூடாது. அவருடைய சிப்பிகள் ஒரு வாரத்துக்கு மேல் தொட்டியிலும் வள்ளத்திலும் கிடந்து அழுகும். ஈ மொய்க்கும், புழு நெளியும், நாற்றம் ஊரைத் தூக்கும். சதை கரைந்தபின் கடல் நீரால் அலசி அடி வண்டலில் முத்தைப் பொறுக்குவார்கள். அலசுபவரின் கை எப்போதும் வெளியே தெரிய வேண்டும். வாய்க்குக் கை போனால் முத்து வயிற்றுக்குப் போய்விடும் என்று மேற்பார்வையாளர் கண்கொட்டாமல் நிற்பார். பிறகு பத்துப் பித்தளைச் சல்லடைகள், 20 துளை கொண்டதிலிருந்து 1000 துளை கொண்டது வரை. ஆணி முதல் தூள் வரை தரம் பிரிந்தபின் 'செவ்வு' என்ற பழங்கணக்கில் மதிப்புப் போடுவார்கள். அந்தக் கணக்கில் எடையின் வர்க்கம் வரும். முத்தின் எடை இரட்டித்தால் மதிப்பு நான்கு மடங்கு.

செவ்வுக் கணக்கின் விளைவைப் பலர் கவனிப்பதில்லை. ஆயிரம் சிப்பியின் சராசரி மதிப்பு எவ்வளவு என்று மாதிரி சொல்லும். ஆனால் அந்த மதிப்பின் பெரும்பகுதி ஒன்றிரண்டு பெரிய முத்துகளில் குவிந்திருக்கும். இலட்சக்கணக்கில் சிப்பி வாங்குபவருக்கு அவற்றில் சில வந்துசேரும், அவருடைய கணக்குச் சராசரியை ஒட்டிப் போகும். பத்துச் சிப்பி வாங்கிய கூலியாளுக்குச் சராசரியால் பயனில்லை, அவர் பெரும்பாலும் வெறுங்கையோடு போவார். சிப்பி அதே சிப்பி, அறியாமையும் அதே அறியாமை. முதல் அதிகமுள்ளவருக்கு அது வணிகமாகவும் இல்லாதவருக்கு லொத்தராகவும் ஆகிவிடுகிறது.

1797: குத்தகைக்காரரின் கணக்கு

பிரித்தானியர் வந்த புதிதில் ஏலத்துக்குப் பதில் குத்தகை. பருவம் முழுவதையும் ஒருவருக்கே விட்டுவிடுவார்கள். ஹென்றி லெபெக் 1797ஆம் ஆண்டுக் குளிப்பை நேரில் பார்த்து எழுதிய கட்டுரை ஆசியாட்டிக் சொசைட்டியின் ஆய்விதழில் வந்தது. அந்த ஆண்டின் குத்தகைக்காரர் ஒரு தமிழ் வணிகர். வழக்கத்தைவிடக் கூடுதல் தோணிகளைப் பயன்படுத்தும் உரிமையோடு இரண்டுக்கும் மூன்றுக்கும் இடைப்பட்ட இலட்சம் பறங்கிப்பேட்டைப் பகோடா கொடுத்து எடுத்தார். வழக்கமான தொகையைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஆள் தொலைந்தார் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்களாம். அவரோ பெரும் இலாபம் கண்டார்.

அவர் செய்ததைச் சூதென்று சொல்வது கடினம். எடுத்த உரிமையை முழுதாகத் தன் தலையில் வைத்துக்கொள்ளாமல், தோணி தோணியாகப் பிரித்து மற்றவர்களுக்கு விட்டார். தெரியாத ஒன்றின் பாரத்தைப் பல தோள்களுக்கு மாற்றிவிட்டு, விலை வித்தியாசத்தைத் தான் வைத்துக்கொண்டார். குளியாட்கள் போதாமல் சில தோணிகள் சும்மா கிடந்தன என்றும் லெபெக் சொல்கிறார். அந்த இழப்பு உள்குத்தகைக்காரருக்கு. அடுத்த ஆண்டு, 1798இல், அரசின் வருமானம் ஏறத்தாழ 1,40,000 பவுண் வரை ஏறி, 1799இல் 30,000 பவுண் அளவுக்கு விழுந்தது. மூன்று ஆண்டுகளில் பார்களை வழித்தெடுத்துவிட்டார்கள் என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது. ஆழம் பார்த்துக் குத்தகை எடுத்த வணிகரைவிட, குத்தகைத் தொகையை ஆண்டு வருமானமாகவே எண்ணிக்கொண்ட அரசுதான் பெரிய நப்பாசைக்காரர் என்று தோன்றுகிறது.

ஆளுநர் பிரடெரிக் நோர்த் (1798–1805) அரிப்பில் கட்டிய டோரிக் மாளிகையின் சிதைவு இன்னமும் கடலரிப்பில் உதிர்ந்துகொண்டிருக்கிறது. குளிப்புக் காலத்தில் தங்கிக் கடலையும் கொட்டையும் கண்காணிக்க மாளிகை நின்ற மேடு தோதானது. லத்தீன் பொருளில் அது ஒரு ஸ்பெகுலா. முதலில் பார்க்கும் உரிமை அங்கிருந்தவர்களுக்கு. மாதிரி எடுப்பது அரசு, மதிப்பை அறிவிப்பது அரசு, மாதிரிக்குள் வராததை ஆயிரம் ஆயிரமாக விற்பதும் அரசு. இதே அரசு 1889இல் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. தெருவோரத்தில் பகடை உருட்டியவர் நீதிமன்றத்துக்குப் போனார். கொட்டில் சிப்பி ஏலம் எடுத்தவருக்குப் பற்றுச்சீட்டுக் கிடைத்தது. இரண்டு இடத்திலும் தெரியாமையின் அளவைக் கொண்டு யாரும் கோடு கிழிக்கவில்லை. வருமானம் எந்தப் பக்கம் போகிறது என்பதைக் கொண்டே கிழித்தார்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம். இந்தியாவிலும் இதே குழப்பம் உண்டு. மழை எவ்வளவு பெய்யும் என்று கல்கத்தாவில் பந்தயம் கட்டியதை 1897இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். மழையை நம்பிய பருத்தியின் முன்பேர வணிகம் பம்பாயில் தொடர்ந்து நடந்தது.

கொள்கையும் கம்பனியும்

இனி ஊகத்தின் இன்னொரு முகம். முத்து எப்படி உருவாகிறது என்பதே நெடுங்கால ஊகப்பொருள். சுவாதி மழைத்துளி சிப்பியின் வாயில் விழுந்து முத்தாகும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. பனித்துளி என்றார் ரோமானிய பிளினி. 1902இல் லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மன் இலங்கை வந்தார், உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்னல் தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக ரோயல் சொசைட்டி வெளியிட்ட அறிக்கை, இக்கடலின் முத்துக்குக் கரு ஒரு நாடாப்புழுவின் இளம்பருவம் என்றது. சிப்பியைத் தின்னும் திருக்கையும் கிளாத்தியும் அந்தப் புழுவைத் தாங்கும் உயிர்களாகக் கருதப்பட்டன. அப்படியானால் சிப்பியின் பகைவன் இல்லாமல் முத்தும் இல்லை. அழகான கொள்கை. பிற்கால ஆய்வு அதை ஏற்கவில்லை.

அதற்கிடையில் 1905ஆம் ஆண்டுக் குளிப்பு எல்லாக் கணக்கையும் மீறியது. ஏறத்தாழ 5,000 குளியாட்கள் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகளை எடுத்தார்கள். அரசுக்கு வந்தது ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய். மறு ஆண்டே லண்டன் முதலீட்டாளர்களின் முத்துக் கம்பனி ஒன்று ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுகளுக்குப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. 1906ஆம் ஆண்டு மறிச்சுக்கட்டிக் குளிப்பில் இளம் அதிகாரியாகப் பணியாற்றிய லெனாட் வுல்ஃப், பின்னாளில் தம் சுயசரிதையிலும் ஒரு சிறுகதையிலும் அந்தக் கரையை எழுதினார்.

1907க்குப் பிறகு கம்பனிக்குக் குளிக்கச் சிப்பி இல்லை. 1797இன் வணிகர் ஒரு பருவத்துக்குத்தான் பணம் கட்டினார். அதற்குள்ளும் பாரத்தைப் பிரித்துக்கொடுத்தார். கம்பனி அறிவியல் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, கடல் இருபது ஆண்டுக்கும் சராசரியாக நடந்துகொள்ளும் என்று கணக்குப் போட்டது. இதை அந்தக் காலம் முதலீடு என்றே அழைத்தது. 1936இல் பொருளியலாளர் கெயின்ஸ், சொத்தின் முழு ஆயுளுக்குமான வரவை முன்கணிப்பதைத் தொழில்முயற்சி என்றும், சந்தையின் மனநிலையை முன்கணிப்பதை ஊகம் என்றும் பிரித்தார். அந்த அளவுகோலில் கம்பனிதான் தொழில்முனைவோர், கொட்டு வாசலில் அன்றன்றைய விலையைப் பார்த்து வாங்கியவர் ஊக வணிகர். இழப்பு எந்தப் பக்கம் விழுந்தது என்பதைப் பார்த்தால், கெயின்ஸின் பிரிவினை இந்தக் கரைக்குப் பொருந்தவில்லை.

இறால் குளங்கள்

முத்து போன கரைக்கு 1980களில் இறால் வந்தது. சிலாபம், முந்தல், உடப்பு, புத்தளம் என்று களப்புகளை ஒட்டிக் கண்டல் காடு அழிந்து குளங்கள் பெருகின. நான்கைந்து மாதத்தில் ஒரு போகம், ஏற்றுமதி விலை. தென்னந்தோட்டத்தை அடகுவைத்துக் குளம் வெட்டியவர்கள் உண்டு. 1996இல் வெண்புள்ளி நோய் வந்து குளம் குளமாகத் துடைத்தது.

இங்கும் பார்ப்பதற்கு வழிகள் உண்டு. தீவனத்தட்டைத் தூக்கி எவ்வளவு தின்றிருக்கிறது என்று பார்க்கலாம், வீச்சுவலையில் சிலவற்றை எடுத்து நிறுத்துப் பார்க்கலாம். குஞ்சு வாங்கும்போதே நோய்ச்சோதனைச் சான்று கேட்கலாம். ஆனால் ஒருவர் தன் குளத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும், அவருக்கு வரும் தண்ணீர் அண்டை வீட்டார் கழித்த தண்ணீர். களப்புகளை இணைக்கும் ஒல்லாந்தர் வாய்க்கால்தான் பலருக்கும் நீர் எடுக்கும் இடம், பலருக்கும் கழிவு விடும் இடமும் அதுவே. நோய் கண்ட குளத்தை ஓசைப்படாமல் திறந்துவிட்டவரின் இழப்பு, கீழேயிருப்பவரின் கணக்கில் ஏறியது.

அதன் பிறகு வந்ததுதான் வலயப் பயிர் நாட்காட்டி. எந்த வலயம் எந்த மாதத்தில் குஞ்சு விடலாம், எப்போது குளம் காயவேண்டும் என்று அரசின் நீருயிரின வளர்ப்பு அதிகாரசபையும் பண்ணையாளர் சங்கங்களும் சேர்ந்து முடிவுசெய்கின்றன. முத்துக்குளிப்பில் அரசு தனக்கென வைத்துக்கொண்ட முதல் பார்வை, இங்கே அரைகுறையாகவேனும் பங்கிடப்பட்டிருக்கிறது. நாட்காட்டிக்கு வெளியே குஞ்சு விட்டு, மற்றவர் குளம் காய்ந்து கிடக்கும் மாதத்தில் நல்ல விலைக்கு விற்க முயல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களைச் சூதாடிகள் என்பதா, ஆடம் ஸ்மித் வரைந்த வணிகர்கள் என்பதா என்று கேட்டால், பதில் சொல்பவரின் குளம் வாய்க்காலின் மேல்பக்கம் இருக்கிறதா கீழ்ப்பக்கம் இருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் விடை வரும்.